பூவில்லாத படி

“பின்புறச் சுழல்படியில் ஒரு படி மாற்றப்பட்டது. வெல்டிங்காரர் காலையில் வந்தார்.” அப்பாவின் நாட்குறிப்பில் ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றின் கீழ் இவ்வளவுதான் இருக்கிறது. தாளின் மூலை கிழிந்துபோனதால் ஆண்டு தெரியவில்லை.

அடையாற்றில் இருந்த எங்கள் பங்களாவில் நாங்கள் ஏறியது தேக்குப் படி. வேலை செய்த அக்காவுக்கு வீட்டின் பின்சுவரை ஒட்டி இரும்புச் சுழல்படி. கையில் வாளியோடு அதில் ஏறி, வெளிக்கதவு வழியாக மாடிக் குளியலறைக்குள் நுழைந்து, கழுவிவிட்டு, அப்படியே இறங்கிவிட வேண்டும். மயிலாப்பூரின் பழைய வீடுகளில் இதே வேலைக்குப் பக்கத்துச் சந்து இருந்தது. வீடு கட்டுபவர்கள் முதலில் யோசிப்பது, யார் யார் கண்ணில் படக்கூடாது என்பதைத்தான் போலும்.

பங்களா இருந்த இடத்தில் இப்போது அடுக்ககம். எங்களுக்கும் அதில் ஒரு வீடு. போன மாதம் அக்காவைச் சாப்பிட அழைத்து வந்தேன். வாசலிலேயே காவலாளி மறித்தார்.

“ஆயா, இப்டி வராத. பின்னாடி சர்வீஸ் லிஃப்ட் கீது, அதுல போ.”

“என் விருந்தாளிங்க அவங்க” என்றேன்.

“ரூல்ஸ் சார், நான் இன்னா பண்றது?”

“வுடு நைனா, இந்த வூட்ல பின்பக்கம் எனக்குத் தெரியாததா?” என்று சிரித்தார் அக்கா. நான் விடவில்லை, கையைப் பிடித்து முன்வாசல் வழியாகவே அழைத்துப் போனேன்.

அடுக்ககத்தின் வரவேற்புக் கூடத்தின் நடுவே, விளக்கொளியில், பங்களாவிலிருந்து பெயர்த்தெடுத்த அந்தச் சுழல்படி எங்கும் போகாத அலங்காரமாக நின்றது. ‘இல்லத்துப் பெண்கள் நிலா ரசிக்க ஏறிய படி’ என்ற பித்தளைப் பலகையை நான் படித்துக் காட்டினேன்.

“நெலாவா! கக்கூஸ் கழுவ ஏறுன படிடா இது!”

எல்லாப் படிகளிலும் வார்ப்புப் பூ. ஒன்பதாவது மட்டும் வெறும் தகடு. அக்கா அதைத் தடவினார். பழைய ஒன்பதாவது படி உடைந்துதான் அவர் விழுந்து, வலது கை முறிந்தது. அந்தக் கை இன்றும் முழுதாக நீளாது. “ஆடுதுன்னு ஒங்க அப்பாராண்ட மூணு தபா சொன்னேன். வுய்ந்தப்புறமும் ரொம்ப நாளு ஒடஞ்ச எடத்துல கயிறு கட்டிதான் ஏறிக்கினு இருந்தேன்” என்றார்.

பலகையைத் திருத்தச் சொல்லி குடியிருப்போர் சங்கச் செயலாளருக்கு எழுதினேன். “நல்லா இருக்கறத ஏன் சார் கெடுக்கணும்? வீடு வாங்க வர்றவங்க பாக்கறாங்க” என்றார். மறுபடியும் எழுதியிருக்கிறேன்.

எழுதும்போது என் வீட்டுப் பொய்யும் உறுத்துகிறது. படி மாற்றியதைக் குறித்த அப்பா, கை முறிந்ததை எங்கும் குறிக்கவில்லை. அக்கா விழுந்ததற்கும் அந்தத் தகடு வந்ததற்கும் இடையே எத்தனை நாள் என்பதை இதுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.