மாட்டுச் சந்தையில் ஒரு ஷேரின் விலை

பனமரத்துப்பட்டிப் பக்கம் இருந்த ஒரு ரசாயனக் கம்பெனிக்கு நான் மாட்டு வண்டியில் சுண்ணாம்பு கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டிருந்தேன். நூல் வெளுக்கிற பவுடர் செய்யும் கம்பெனி. திடீரென்று திவாலாகிவிட்டது. எனக்கு வர வேண்டியது வராமல், என் ஜோடி மாடுகளை விற்று, சுண்ணாம்பு கடன் கொடுத்த சூளைக்காரருக்குக் கொடுத்தேன். அதன் பிறகு வாடகை மாடுதான். கோர்ட்டில் வெகுகாலம் இழுத்த பின் கம்பெனியைத் திரும்பத் திறந்தார்கள். கம்பெனிக்குக் கடன் கொடுத்தவர்கள் எல்லாருக்கும் பணத்துக்குப் பதில் புது ஷேர் என்றார்கள். எனக்கும் ஒரு கட்டுப் பத்திரம் வந்தது. வழவழப்பான தாள்; வண்டியில் பூட்டத்தான் முடியாது.

சேலத்து நூல் வியாபாரி ஒருவர் ஊர் ஊராக வந்து அந்தப் பத்திரங்களை வாங்கினார். ஷேர் ஒன்றுக்கு மூன்று ரூபாய். முழுக் கட்டையும் கொடுத்தால் நல்ல ஜோடி மாடு வாங்கலாம்.

"செத்த கம்பெனிக்கு மூணு ரூவாயே சாஸ்திங்க. குடுத்துப்போட்டு மாட்டோட ஊடு வந்து சேருங்க" என்றாள் என் மனைவி.

எனக்கும் மாடு வேண்டும்தான். ஆனால் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் மாடு வாங்குகிறவன் அல்ல நான். விற்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்வேனா? சந்தைக்கு முதல் நாள் கம்பெனிக்கே போனேன்.

வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. சீமையில் நடக்கும் சண்டையால் அங்கிருந்து பவுடர் கப்பலில் வருவது நின்றுபோக, ராசிபுரத்து நெசவுக்காரர்களும் ஜலகண்டாபுரத்து நெசவுக்காரர்களும் பீப்பாய்க்குக் காத்துக் கிடந்தார்கள். எனக்கு மூச்சு முட்டியது, பாதி பவுடர் நெடியால், பாதி சந்தோஷத்தால். ஊரே அந்தக் கம்பெனியை அதன் பழைய கடனை வைத்துத்தான் எடை போட்டது, நானும் சேர்த்து. அந்தக் கடன் இப்போது எங்கே? நாங்கள்தான் அது. வட்டி கேட்டு வாசலில் நின்றவர்கள் எல்லாரும் பங்காளிகளாகி உள்ளே உட்கார்ந்துவிட்டோம். இனி வட்டிக்கென்று ஒரு காசு வெளியே போகாது.

லட்சாதிபதி ஆகிவிட்ட நினைப்பில் ஆபீஸ் கணக்கரிடம் போனேன். மொத்தம் எத்தனை ஷேர் போட்டிருக்கிறார்கள் என்று அவர் சொன்னதும் பாதிக் காற்று இறங்கிவிட்டது. உப்பு கொடுத்தவர், பீப்பாய் செய்தவர், கரி கொடுத்தவர் என்று பந்தியில் அவ்வளவு இலை. அவர் சொன்ன லாபத்தை அத்தனை ஷேருக்கும் பிரித்துப் பார்த்தால் ஷேருக்கு வருடம் ஒரு ரூபாய்தான் தேறியது. ஆனால் ஐந்து வருடத்தில் போட்ட பணத்தைச் சம்பாதித்துக் கொடுக்கிற ஜோடியை எங்கள் பக்கத்தில் யோசிக்காமல் வாங்குவோம். அப்படியானால் ஐந்து ரூபாய். கொதிகலன் பழசு, சண்டை ஓய்ந்தால் கப்பலும் வரும். அதற்கு ஒன்று தள்ளினேன். நான்கு. வழியெல்லாம் எனக்கு நானே சிரித்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் புதுச்சத்திரம் பக்கத்துச் சந்தையில் வியாபாரி இருந்தார். சுற்றிலும் ஆட்கள். மாட்டுக்குப் பேசுகிற மாதிரியே துண்டைப் போட்டுக் கையை மறைத்துக்கொண்டோம். அவர் என் விரல்களில் மூன்றைப் பிடித்தார். நான் அவருடையதில் நான்கைப் பிடித்தேன். அவர் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை, நான்கையும் திருப்பிப் பிடித்துவிட்டார். அந்த வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. மாட்டுக்காரப் புத்தி சும்மா இருக்குமா? அவர் காதோரம் குனிந்தேன்.

"ஏனுங்க, இதே நாலுக்கு உங்க கையில இருக்கறத எனக்குக் குடுப்பீங்களா?"

துண்டுக்குள் அவர் பிடி தளர்ந்தது. மெதுவாகச் சொன்னார்: "அந்த வெலைக்கு நான் குடுக்கறதில்லீங்க."

"அப்ப நானும் குடுக்கலீங்க" என்று கையை உருவிக்கொண்டேன். துண்டை எடுக்காதவரை பேரம் முடிந்ததாகாது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மாடுகளின் நடுவே, கையில் மாட்டுக் கயிறு இல்லாமல், ராஜா மாதிரி நடந்தேன்.

வீடு நெருங்க நெருங்கத்தான் பயம் வந்தது. மனைவி தொழுவத்தைப் பெருக்கி, புது மூக்கணாங்கயிறு இரண்டு வாங்கி வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். நடந்ததை அப்படியே சொன்னேன். அவள் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை.

"அவரு குடுக்க மாட்டேன்னாருங்களா?"

"ஆமா."

கழுத்துச் சங்கிலியைக் கழற்றி என் கையில் வைத்தாள்.

"இத அடகு வெச்சுப் பணத்தோட போங்க. பீப்பாய்க்காரரு நாளைக்கு அவரு ஷேர விக்கப் போறாருன்னு பேசிக்கறாங்க. அவுருகிட்ட மறைக்காம எல்லாத்தையும் சொல்லிப்போட்டு, நாலே முக்காலுக்கு நமக்குக் குடுப்பாரான்னு கேளுங்க."