ஆட்டுக்குட்டி அழும் பெட்டி

அமெரிக்காவில் எங்கள் வடக்கு மெய்ன் பக்கம் மான் சுடுகிறவனுக்குத் தனி மரியாதை. என் கணவன் லயனல் சிர் அந்த மரியாதையில் காலமெல்லாம் குளிர்காய்ந்தவன். சாலையில் பனி தள்ளும் லாரி ஓட்டுவான். மற்ற நேரமெல்லாம் தான் சுட்ட மான்களைப் பற்றிப் பேசுவான். அந்தப் பெருமையில் எனக்கும் பங்குண்டு, மறைப்பானேன்.

அடுத்த பண்ணை டெலியா உவெலெட்டுடையது. கணவன் போன பிறகு ஆடுகளை நம்பித்தான் பிழைக்கிறாள். அந்த வருடம் குட்டி போடும் பருவத்தில் கயோட்டிகள் வேலி தாண்டத் தொடங்கின. ஓநாயைவிடச் சின்னது, நரியைவிடக் கெட்டிக்காரப் பிராணி. டெலியாவின் காவல் நாய் காஸ்டன் ஒரு பக்கம் ஓடினால் அதுகள் மறுபக்கம் வந்து குட்டியைத் தூக்கின.

"இந்த வருஷமும் இப்படியே போச்சுன்னா எல்லாத்தையும் வித்துட்டுத் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன்" என்று எங்கள் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள்.

லயனல் நெஞ்சை நிமிர்த்தினான். "நான் இருக்கேன்ல? ஒரு குட்டி போகாது இனிமே."

உண்மையில் அவன் கயோட்டி சுட்டதே கிடையாது. மானுக்கு ஓரிடத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தால் போதும். கயோட்டியை நாம்தான் கூப்பிட்டு வரவழைக்க வேண்டும். அடிபட்ட முயல் போல அலறும் ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்றை வாங்கினான். பெட்டியைப் புதருக்குள் வைத்துவிட்டு, ரிமோட்டோடு தள்ளிப் போய் உட்கார வேண்டும். எங்கள் காட்டில் மரங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். பத்தடி தள்ளி நிற்பவன் தெரிய மாட்டான். அங்கே இவன் தூரத்து மானைச் சுடும் ரைபிளைத் தூக்கிக்கொண்டு போனான். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்றும் பார்க்கவில்லை. கயோட்டி நேராக வராது. சுற்றி வந்து, நம் வாடை காற்றில் வரும் பக்கம் நின்று மோப்பம் பிடிக்கும். இவன் எழுந்து திரும்பிப் பார்த்தபோது முதுகுக்குப் பின்னால் பனியில் புதுக் கால்தடங்கள் இருந்தன.

இதை ஊர்க் கடையில் போய்ச் சொல்லியிருக்க வேண்டாம். சொன்னான்.

"அடுத்த தடவை அதுக்கு ஒரு நாற்காலி போட்டு வை" என்றான் ரோலண்ட். கயோட்டி வேட்டையில் பழம் தின்று கொட்டை போட்டவன். "பாவம், நின்னுக்கிட்டே உன்னை வேடிக்கை பாக்குது."

கடையே சிரித்தது. ஆனாலும் ரோலண்ட் வாசல் வரை வந்து சொல்லி அனுப்பினான்: "கிட்டத்துல சுடுற ஷாட்கன்னை எடுத்துட்டுப் போ. முழு உடம்பும் கண்ணுல படாம விசையைத் தொடாதே."

அன்றிரவு லயனல் பட்டாணி சூப்பைத் தொடவே இல்லை. துப்பாக்கியை மாற்றினான், காற்றைப் பார்த்து உட்காரப் பழகினான். அப்படியும் முயல் குரலுக்கு ஓர் ஆந்தைதான் வந்தது. பெட்டிக்குள் ஆட்டுக்குட்டி குரலும் இருந்தது. ஆட்டுக்குட்டி ருசி கண்டவை அதற்குத்தானே வரும் என்று கணக்குப் போட்டான். டெலியாவின் வேலிக்குப் பின்னால் இருக்கும் காட்டிலேயே போய் உட்கார்ந்தான்.

அந்தப் பிற்பகல் நான் டெலியாவின் சமையலறையில் இருந்தேன். தாயில்லாத குட்டி ஒன்றுக்கு அவள் புட்டியில் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். காட்டுப் பக்கமிருந்து மெல்லிய அழுகை கேட்டது.

"ஐயோ, குட்டி எதுவும் வெளிய போயிடுச்சா?"

"இல்லடி, லயனலோட பெட்டி. அச்சு அசல் குட்டி மாதிரியே இருக்குல்ல?"

துப்பாக்கி வெடித்தது. நான் மேஜையைத் தட்டினேன். "பாத்தியா! விழுந்துச்சு! நான் சொல்லல?"

டெலியா சிரிக்கவில்லை. ஜன்னல் வழியே தொழுவத்தைப் பார்த்தாள். காஸ்டன் படுக்கும் வைக்கோல் காலியாகக் கிடந்தது. புட்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். நாயின் கால்தடங்கள் வேலியைத் தாண்டி நேர்க்கோடாகக் காட்டுக்குள் போயிருந்தன. வெற்றியைப் பார்க்கப் போகிறவள் போல நானும் பின்னால் ஓடினேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

லயனல் தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டு நின்றான். பெட்டி இன்னும் அழுதுகொண்டிருந்தது. காஸ்டனின் பின்னங்கால் சிதைந்திருந்தது. பனியில் இரத்தக் கோடு. அது வீட்டுப் பக்கம் போகவில்லை. பெட்டியை நோக்கிப் போயிருந்தது. அடிபட்ட பிறகும் நாய் காலை இழுத்துக்கொண்டே போய், பெட்டியைச் சுற்றி வளைந்து படுத்து, தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, லயனலைப் பார்த்து உறுமிக்கொண்டிருந்தது.

"அதை நிறுத்து" என்றாள் டெலியா.

லயனல் முழங்காலிட்டுப் பனியைக் கிளறினான். ரிமோட் எங்கோ விழுந்துவிட்டது.

"நிறுத்துடா!"

"வால் தெரிஞ்சுது டெலியா... சாம்பல் நிறமா..."

"முழு உடம்பைப் பாத்தியா?"

"இல்ல."

ரிமோட் கிடைக்கும்வரை அந்தக் குட்டி அழுதுகொண்டே இருந்தது. பெட்டி அடங்கிய பிறகுதான் காஸ்டன் தலையைச் சாய்த்தது.

நாய் பிழைத்தது, ஒரு கால் போனது. லயனல் அதற்குப் பிறகு கடைப் பக்கம் போகவில்லை. மான் கதையும் பேசவில்லை. எனக்கும் யார் முகத்தையும் பார்க்கக் கூசியது. தினமும் இருட்டியதும் அவன் டெலியாவின் தொழுவத்துக்குப் போய்விடுவான். விளக்கோடு வேலியைச் சுற்றுவான். அந்தப் பருவத்தில் அதற்குப் பிறகு ஒரு குட்டியும் போகவில்லை. டெலியாவும் ஆடுகளை விற்கவில்லை, அவனோடு பேசவும் இல்லை.

ஒருநாள் அவனுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். காஸ்டன் அவனைப் பார்த்து வாலை ஆட்டியது. லயனல் தரையைப் பார்த்துக்கொண்டான். அப்போது தொழுவத்தின் கோடியில் ஒரு குட்டி கத்தியது. காஸ்டன் விருட்டென்று எழுந்தது, மூன்று காலில் தடுமாறி விழுந்தது, மறுபடி எழப் பார்த்தது. லயனல் ஓடினான். குட்டியைத் தூக்கி வந்து நாயின் மூக்குக்கு முன்னால் மெதுவாக இறக்கி வைத்தான்.

"இந்தா பாரு, ஒண்ணும் ஆகல. நீ படுத்துக்கோ" என்றான்.