பாப்பா போட்டோக்காரியின் முதல் மாடல்

லினெட்டின் இரண்டு கேமராவுக்கும் ஒரு லென்சுக்கும் ஞானஸ்நானம் ஆகிவிட்டது. கொடுத்தவர்கள் சாமியார்கள் அல்ல; தலைகூட நிற்காத பொடிசுகள். புதுச்சேரி மூலக்குளத்தில் இருக்கும் அவளுடைய சின்ன ஸ்டுடியோவில், துணியில்லாமல் கூடையில் படுக்க வைத்த குழந்தை எந்த நேரத்தில் பீய்ச்சி அடிக்கும் என்று யாருக்குத் தெரியும்? லினெட்டுக்குத் தெரியும். அதுவரை கத்திக்கொண்டிருந்த முகத்தில் திடீரென்று ஒரு தெய்வீக அமைதி வரும். வந்ததும் கேமராவோடு ஒதுங்கிவிட வேண்டும். இதைக் கற்றுக்கொள்வதற்குள் இரண்டு கேமரா நனைந்து போயின.

கல்யாணப் படம் எடுக்கத்தான் அவள் தொழிலுக்கே வந்தாள். ஒரு கல்யாணத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தபோது கை சும்மா இருக்காமல் மாப்பிள்ளையின் அக்கா குழந்தையை ஒரு படம் எடுத்துத் தொலைத்தாள். அது வாட்ஸப்பில் ஊரெல்லாம் சுற்றியது. அன்று பிடித்தது சனி. லாஸ்பேட்டையிலிருந்து பாப்பா, வில்லியனூரிலிருந்து பாப்பா, எங்கே பிறந்தாலும் நேராக இவளிடம் பாப்பா. பெயரே ‘பாப்பா போட்டோக்காரி’ என்று ஆகிவிட்டது. கட்டின புருஷன் நெல்சனே, “இன்னிக்கு பாப்பா இருக்குதா, இல்ல மீன் வாங்கியாந்துடட்டா?” என்றுதான் கேட்பான்.

வருமானத்துக்குக் குறைவில்லை. மனசுதான் கேட்கவில்லை. அவளோடு தொழில் பழகினவர்களெல்லாம் கடற்கரையில் மாடல்களை நிறுத்தி எடுத்து, ஸ்டேட்டஸில் பந்தாவாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இவள் மட்டும் தரையில் குப்புறப் படுத்து, கிலுகிலுப்பையை ஆட்டி, “ஊ... புஜ்ஜி... யாரு யாரு யாரு” என்று கத்திக்கொண்டிருந்தாள். வளர்ந்த மனிதன் ஒருவனை, தன் காலில் நிற்கத் தெரிந்த ஒருவனை, ஒரே ஒரு தடவையாவது எடுத்துக் காட்டிவிட வேண்டும் என்று உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தாள்.

அப்போதுதான் ஜெஸ்டின் வந்து நின்றான். உப்பளத்துப் பையன். இரண்டு வருஷமாக ஜிம்மே கதி என்று கிடந்து, சட்டைக் கை தெறிக்கிற அளவுக்கு உடம்பை ஏற்றி வைத்திருந்தான். சென்னையில் விளம்பரத்துக்கு மாடல் பிடித்துக் கொடுக்கும் ஒரு ஏஜென்சி, வெளியில் எடுத்த ஐந்து படம் கேட்டிருந்தது. திங்கட்கிழமைக்குள் அனுப்பியாக வேண்டும்.

“எங்க அக்கா பாப்பாவ சூப்பரா எடுத்தீங்கக்கா. அதான் வந்தேன். இது ஆவலன்னா, எங்கப்பா என்னைக் கொண்டுபோயி மாமாவோட டைல்ஸ் கடையில ஒக்கார வச்சிடுவாரு.”

லினெட்டுக்குத் தலைகால் புரியவில்லை. ‘இனி போர்ட்ஃபோலியோவும் எடுக்கப்படும்’ என்று அன்றைக்கே ஸ்டேட்டஸ் போட்டுவிட்டாள். கிலுகிலுப்பை, மயிலிறகு, கூடை, குட்டித் தொப்பி எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் பரணில் ஏற்றினாள். பெரிய பெரிய போட்டோகிராபர்கள் பேசுகிற வீடியோக்களைப் பார்த்து ‘ஆட்டிட்யூட்’ என்ற சொல்லை மட்டும் நன்றாகக் கற்றுக்கொண்டாள். இனி தான் வேறு ஆள் என்று முடிவு கட்டிவிட்டாள், பாவம்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாததுமாக வெள்ளைக்காரத் தெருவுக்குப் போனார்கள். மஞ்சள் சுவர் ஒன்று, அதன் மேல் காகிதப்பூ. பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. ஆனால் சுவருக்கு முன்னால் ரேஷன் கடை மாதிரி வரிசை. கல்யாணம் ஆகப்போகிற ஜோடி நாலைந்து, பாவாடை விரித்துக்கொண்டு சுற்றுகிற பெண்கள், நடுவில் ஒரு நாய். இவர்கள் முறை வந்ததும் உள்ளேயிருந்து வாட்ச்மேன் தாத்தா வாளியோடு வந்து, வாசலில் தண்ணீர் தெளிக்கிறேன் பேர்வழி என்று ஜெஸ்டினின் ஷூவைக் கழுவிவிட்டுப் போனார்.

“இங்க வேணாம்க்கா. எங்க ஏரியாவுக்கே போயிடலாம்” என்றான் ஜெஸ்டின்.

உப்பளத்தில் பழைய துறைமுகத்துப் பக்கம் போனார்கள். துருப்பிடித்த இரும்பு, பெரிய பெரிய சுவர், ஒரு பூவரச மரம், ஆள் நடமாட்டம் இல்லை. லினெட்டுக்குத் திருப்தி. கேமராவை எடுத்துக்கொண்டு திரும்பினால், மரத்தடியில் ஆரோக்கியமேரி உட்கார்ந்திருந்தாள், மடியில் டிபன் கேரியரோடு. ஜெஸ்டினின் அம்மா. உப்பளத்தில் இட்லிக்கடை. சர்ச்சில் முதல் பூசை முடிந்து, மகன் அந்தப் பக்கம் வண்டியில் போனதைப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே வந்திருக்கிறாள்.

“ம்மா! வரக்கூடாதுன்னு சொன்னனா இல்லியா?”

“நான் இன்னாடா பண்ணேன்? சும்மாதான ஒக்காந்துக்கினு இருக்கேன்.”

லினெட் பெரிய போட்டோகிராபர் அல்லவா இப்போது? மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். “ஆரோக்கியக்கா, கோச்சிக்காதீங்க. மாடல் ஷூட்ல அம்மா எல்லாம் கூட இருக்கக் கூடாது. டிஸ்டர்ப் ஆவும். அந்தச் சுவருக்குப் பின்னால இருங்க.”

ஆரோக்கியமேரி கேரியரோடு எழுந்து போனாள். போகும்போது மகனின் முகத்தை ஒரு பார்வை பார்த்தாள்.

அப்புறம் ஆரம்பித்தது கூத்து. ஜெஸ்டின் சட்டையைக் கழற்றினான், மூச்சைப் பிடித்தான், பல்லைக் கடித்தான், புருவத்தை நெரித்தான். அவன் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் படத்தில் விறைத்துக்கொண்டு, கேமராவையே சுடப்போவது போல நிற்பார். பேரன் அப்படியே அந்தப் படம்தான், சட்டை மட்டும் இல்லை.

“ரிலாக்ஸ் பண்ணு.”

தோளைத் தளர்த்தினான். முகம் அப்படியே இருந்தது.

“ஆட்டிட்யூட் குடு.”

முகம் இன்னும் இறுகியது. வயிற்றுவலிக்காரன் மாதிரி இருந்தான். சுவரில் சாய வைத்தாள், படியில் உட்கார வைத்தாள், நடக்க வைத்தாள், திரும்பிப் பார்க்க வைத்தாள். சென்னையில் என்ன, சேதராப்பட்டில்கூட யாரும் இந்த மூஞ்சியை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வெயில் வேறு ஏறிக்கொண்டே வந்தது. லினெட் எடுத்த படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். போச்சு, எல்லாம் போச்சு. ஸ்டேட்டஸ் பார்த்தவர்கள் சிரிக்கப் போகிறார்கள். சாகிற வரைக்கும் புஜ்ஜி புஜ்ஜிதான்.

“ஒழுங்கா நில்லுடா!” என்று ஒரு கத்து கத்தினாள்.

ஜெஸ்டின் அவளைப் பார்த்தான். கீழ் உதடு லேசாகப் பிதுங்கியது. முகவாய் துடித்தது. கண் ரெண்டும் எங்கோ சுவருக்குப் பின்னால் தேடிவிட்டுத் திரும்பின.

லினெட் கேமராவை இறக்கினாள். இந்த முகத்தை அவள் எத்தனை நூறு தடவை பார்த்திருக்கிறாள்! இது ஆட்டிட்யூடும் இல்லை, அகம்பாவமும் இல்லை. அடக் கடவுளே, பசி.

“டேய், எப்ப சாப்ட்ட?”

“நேத்து காலையில. ஜிம் மாஸ்டர்தான் சொன்னாரு, சாப்பிடக் கூடாது, தண்ணியும் ஒரு வாய்தான்னு. அப்பதான் கட்டு நல்லா தெரியுமாம்க்கா.”

“உன் மாஸ்டர் மண்டையில இடி வுழ!” என்று தலையில் அடித்துக்கொண்டாள் லினெட். பாலுக்கு அழுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு படம் எடுக்க எந்த முட்டாளாவது முயற்சி செய்வானா? அவள் செய்திருக்கிறாள், காலையிலிருந்து! “ஆரோக்கியக்கா! வாங்க இப்படி! கேரியரத் தொறங்க!”

இட்லியும் நேற்று வைத்த வஞ்சிர மீன் குழம்பும். ஜெஸ்டின் முதலில் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். குழம்பு வாசனை வந்ததும் ஆட்டம் நின்றுவிட்டது. எத்தனை இட்லி என்று லினெட் எண்ணப் பார்த்தாள். “எண்ணாத லினெட்டு, கண்ணு பட்டுடும்” என்று ஆரோக்கியமேரி கேரியரை மறைத்துக்கொண்டாள். வயிறு நிறையத் தண்ணீரும் குடித்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, “அஞ்சு நிமிஷம்க்கா” என்று மரத்தில் சாய்ந்தவன் அப்படியே தூங்கிப் போனான்.

“எழுப்பட்டுமா?” என்றாள் அம்மா.

“மூச்சு காட்டாதீங்க” என்றாள் லினெட்.

இனி அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெள்ளைத் துணியைக் கட்டைச் சுவரில் விரித்து, வெளிச்சத்தை அவன் முகத்தின் பக்கம் திருப்பினாள். தரையில் குப்புறப் படுத்தாள். நாற்பதை நெருங்கும் பெண்பிள்ளை, நல்ல சுடிதாரோடு, துறைமுகத்துப் புழுதியில்! ஆரோக்கியமேரியைத் தன் தலைக்கு நேர் பின்னால் உட்கார வைத்தாள். குழந்தை தூங்கி எழுந்ததும் முதலில் அம்மாவைத்தான் தேடும். அந்த ஒரு நொடி, உலகத்தில் ஒரு குறையும் இல்லாத முகம் வரும். பிறகு காசு கொட்டினாலும் வராது.

“தெனம் எப்படி எழுப்புவீங்களோ, அப்படியே கூப்பிடுங்க.”

ஆரோக்கியமேரி தொண்டையைச் செருமினாள். “ஜெஸ்டு... தோச ஆறுதுடா.”

கண் திறந்தது. தேடியது. கண்டது. உதட்டோரம் மெல்ல விரிந்தது. லினெட்டின் விரல் ஓயவே இல்லை.

படத்தைப் பார்த்ததும் ஜெஸ்டின் அலறினான். “அய்யோ அக்கா! சிக்ஸ்பேக் எங்க? இட்லிதான் தெரியுது!”

“அஞ்சுல நாலு நீ பொறுக்கு. அஞ்சாவது என்னுது. இதுக்கு மேல பேசின, உங்கம்மாகிட்ட சொல்லிடுவேன்.”

படங்கள் போயின. பதில் வரவில்லை. ஒரு வாரம் போயிற்று, இன்னொன்றும் போயிற்று. ஸ்டேட்டஸ் பற்றி யாராவது கேட்டால் லினெட் பேச்சை மாற்றினாள். நெல்சன் பரணிலிருந்து கூடையை மட்டும் இறக்கி வைத்தான். அது அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. அன்றிரவு படுக்கையில் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் சாயங்காலம் போன் அடித்தது.

“அக்கா, சென்னையிலேர்ந்து பேசறேன்! எடுத்துட்டாங்கக்கா! நேத்துதான் படத்தையே தொறந்தாங்களாம். நாலு படத்தப் பாத்து சிரிச்சாங்களாம். அஞ்சாவதப் பாத்துட்டு உடனே கூப்ட்டுட்டாங்க. இன்னிக்கு ஷூட்டிங்கே ஆரம்பிச்சாச்சு!”

லினெட்டுக்குக் கால் தரையில் பாவவில்லை. “என்னா விளம்பரம்டா?”

ஜெஸ்டினின் குரல் இறங்கியது. “பாப்பா சோப்புக்கா. நான் அப்பா.”

“பாப்பாவா?” என்றாள் லினெட்.

“ஆனா அந்தப் பாப்பா என்னைத் தொட்டாலே கத்துதுக்கா. நாள் பூரா ஒரு படம்கூடத் தேறல. ‘உன்னை எடுத்தது யாரு, அவங்களையே வரச் சொல்லு’ன்னு சொல்லிட்டாங்க. நாளைக்கு வரீங்களா?”

மெட்ராஸ் ஏஜென்சி, அவளைக் கேட்கிறது, பாப்பாவுக்காக! சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, குரலைக் கனமாக்கிக்கொண்டு கேட்டாள்.

“கொழந்தையோட அம்மா எங்க?”

“ரூமுக்கு வெளியக்கா. கூட இருந்தா டிஸ்டர்ப் ஆவுமாம்.”

“மடப்பசங்க!” என்று சீறினாள் லினெட். “மொதல்ல அந்தப் பொண்ண உள்ள கூப்பிடச் சொல்லு. பாப்பாவுக்குப் பால் குடுத்துத் தூங்க வைக்கட்டும். நான் வர்ற வரைக்கும் ஒருத்தனும் கேமராவத் தொடக் கூடாது.” போனைக் காதில் வைத்தபடியே திரும்பிக் கத்தினாள். “ஏங்க! பரண்லேர்ந்து அந்தக் கிலுகிலுப்பயும் எறக்குங்க!”