லாட் துரையின் அடுப்பங்கரை

கல்கத்தாவில் எங்கள் வீட்டு ரசம் குடை பிடித்துக்கொண்டுதான் இலைக்கு வரும். காளிகாட்டில் நாங்கள் குடியிருக்கும் வீட்டில் எங்கள் அறை முற்றத்துக்கு இந்தப் பக்கம், அடுப்பங்கரை அந்தப் பக்கம். மழை வந்துவிட்டால் என் மனைவி தர்மாம்பாள் ஒரு கையில் ஈயச்சொம்பும் மறு கையில் குடையுமாக வருவாள். வந்து சேர்வதில் பாதி ரசம், பாதி மழை. எங்கள் ஊர் கும்பகோணத்தில் அடுப்புக்கும் இலைக்கும் நாலு எட்டுதான்.

"இதெல்லாம் ஒரு வீடா? என்னை ஊருக்கு அனுப்பிடுங்கோ" என்றாள் ஒருநாள். 'வந்து அழைத்துப் போகவும்' என்று அவள் அப்பாவுக்கு ஒரு கார்டு தயாராயிற்று. அவளுக்கு எழுதத் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல நானேதான் எழுதினேன். திங்கட்கிழமை தபாலில் போடுவதாக வாக்குக் கொடுத்தேன்.

கடைசி முயற்சியாக ஆபீஸ் பெரிய குமாஸ்தாவைப் பிடித்து, லாட் துரையான வைஸ்ராயின் மாளிகையைச் சுற்றிப் பார்க்கச் சீட்டு வாங்கினேன். இப்படியொரு ஊரை விட்டுப் போவாளா என்று ஒரு நப்பாசை. துரை சிம்லாவில் இருக்கிறார் என்று சொல்லியும் அவள் ஒரு தூக்கு நிறைய முறுக்கு சுட்டாள்.

"ராஜா இல்லாட்டா என்ன? சிம்மாசனம் இருக்கோல்லியோ? வெறுங்கையோட போகப்படாது."

மாளிகை வாசலில் நான் பழக்கதோஷத்தில் பூட்ஸைக் கழற்றிவிட்டேன். கோட்டும் தலைப்பாகையும் வெறுங்காலுமாக நான் பளிங்குத் தரையில் வழுக்கிக்கொண்டு போவதற்குள் அவள் தடுப்புக் கயிற்றுக்கு அடியில் புகுந்து, சிம்மாசனத்தின் மேல் வெற்றிலை பாக்கும் முறுக்கும் வைத்து, கீழே விழுந்து நமஸ்காரமும் பண்ணிவிட்டாள்.

"யே க்யா ஹை?" இது என்னவென்று கேட்டபடி சிவப்பு அங்கி போட்ட சேவகன் ஓடிவந்தான். லாட் சாகிபுக்குத்தான் கொண்டுவந்தோம் என்று எனக்குத் தெரிந்த அரைகுறை இந்துஸ்தானியில் உளறினேன். அவன் எங்களைச் சமையல் ஆட்கள் என்று நினைத்துவிட்டான். சாகிப் ஊரில் இல்லை, சமையற்கட்டுக்கே திருப்பி எடுத்துப் போ என்று ஜன்னல் வழியே கையை நீட்டினான். தோட்டத்தைத் தாண்டி, மதிலைத் தாண்டி, தெருவில் இருந்தது சமையற்கட்டு! அங்கிருந்துதான் துரையின் சாப்பாட்டைப் பெட்டியில் வைத்துத் தூக்கி வருவார்களாம்.

"சூடா இருக்குமான்னு கேளுங்கோ" என்றாள் தர்மாம்பாள்.

கேட்டேன். இருக்காது என்று அவன் பரிதாபமாகத் தலையை ஆட்டினான்.

அவ்வளவுதான். ஹௌராவில் ரயிலை விட்டு இறங்கிய நாளிலிருந்து சிரிக்காதவள், சிம்மாசனத்துக்கு முன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்குள் சேவகன் ஒரு முறுக்கைக் கடித்துப் பார்த்திருந்தான். தூக்கைத் திருப்பி வாங்குவது பெரும்பாடாகிவிட்டது.

திங்கட்கிழமை கார்டின் மூலையில் இன்னொரு வரி எழுதச் சொன்னாள்: 'வர வேண்டாம். ரசப்பொடி மட்டும் அனுப்பவும். இங்கே லாட் துரைக்கே ஆறின சாதம்தான்.' முதலில் எழுதியதை அடிக்க வேண்டாம், அதுவும் இருக்கட்டும் என்றாள்.

ரசம் இன்றைக்கும் ஆறித்தான் வருகிறது. இப்போதுகூட வெளியே நல்ல மழை. கும்பகோணத்துப் பொடி முற்றத்துக்கு அந்தப் பக்கம் கொதித்து இறங்கியாயிற்று. இந்தப் பக்கம் நான் இலை போட்டுக் காத்திருக்கிறேன். தர்மாம்பாள் நடுவழியில் குடையோடு நின்று, மாடியிலிருந்து எட்டிப் பார்க்கும் வங்காளிப் பெரியம்மாவுக்குப் புரியுமா என்ற கவலையே இல்லாமல் கூவுகிறாள்:

"லாட் துரை சாப்பாடு வரது, வழி விடுங்கோ!"