கேட்காமல் விட்ட என்ஜின்

மாலையானால் எதிர்வீட்டுத் தகரக் கொட்டகையிலிருந்து அந்தச் சத்தம் வரும். கிக்கரை மிதிக்கும் சத்தம். ஒரு மிதி, சற்று இடைவெளி, இன்னொரு மிதி. வண்டி ஸ்டார்ட் ஆகாது. ஆக வேண்டும் என்று மிதிப்பதும் இல்லை. டாங்கில் பெட்ரோலே கிடையாது. கடல் தண்ணீர் புகுந்த அந்த என்ஜினைக் கழுவி எண்ணெய் விட்டுக்கொடுத்த மெக்கானிக், சும்மா நிறுத்தினால் பிஸ்டன் இறுகிப்போகும், சுழற்றிக்கொண்டே இருங்கள் என்று சொல்லியிருந்தார். அதனால் ஸ்டோர் அக்கா ஆபீசிலிருந்து வந்ததும் வராததுமாகப் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மிதிப்பார். போர்ட் பிளேரின் மின்னி பே பகுதியில் எங்கள் தெருப் பெண்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் விளக்கேற்றுவார்கள்.

அரசு அலுவலகம் ஒன்றில் ஸ்டோரைப் பார்த்துக்கொண்டதால் அவருக்கு அந்தப் பெயர். இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து வந்து தீவில் குடியேறிய குடும்பம். கணவர் அங்கே ஹட் பே என்ற ஊரில் பாமாயில் தோட்டத்தில் வேலை பார்த்தவர். இரட்டைச் சிலிண்டர் வைத்த பழைய பைக் ஒன்றைச் சென்னையிலிருந்து கப்பலில் வரவழைத்து வைத்திருந்தார். சுனாமி வந்த காலையில் அதில்தான் கப்பல் அணையும் ஜெட்டிப் பக்கம் போனார். பைக் தென்னைகளுக்கு நடுவே கிடைத்தது. அவர் கிடைக்கவில்லை. போர்ட் பிளேருக்கு மாற்றலாகி வந்தபோது அக்கா கொண்டுவந்த சாமான்களில் பெரியது அந்த பைக்தான்.

அப்போது என் மச்சினன் எங்கள் வீட்டை ஒட்டிய வெல்டிங் பட்டறையில் ஒரு பந்தயக் கார் கட்டிக்கொண்டிருந்தான். ஒருவர் மட்டும் உட்காரலாம். நான்கு சக்கரங்களும் உடம்புக்கு வெளியே நிற்கும். மெயின்லேண்டில் கையால் கட்டிய கார்களுக்கென்று நடக்கும் ஒரு போட்டிக்கு அதைக் கப்பலேற்றிவிட வேண்டும் என்பது அவன் ஆசை. குழாய்ச் சட்டம், ஸ்டியரிங், இருக்கை எல்லாம் முடிந்துவிட்டன. இருக்கைக்குப் பின்னால் மட்டும் வெற்றிடம். என்ன என்ஜின் வைப்பது என்று தெருவே யோசனை சொன்னது.

"அரே பாய், டிங்கி என்ஜினைப் போட்டுடு. ரோடு முடிஞ்சாலும் நிக்காது, அப்படியே ஹேவ்லாக் தீவுக்கே போயிடலாம்" என்றார் படகு ஓட்டும் பக்கத்து வீட்டுக்காரர்.

"பிரேக்குக்குப் பதிலா நங்கூரம் போடவா?" என்றான் மச்சினன்.

டிங்கிப் படகின் டீசல் என்ஜின் கனம், நடுக்கமும் அதிகம். ஆட்டோ என்ஜினுக்கு வேகம் போதாது. சின்னக் காரின் மூன்று சிலிண்டர் என்ஜினில் சக்தி உண்டு, ஆனால் வாலில் தூக்கி வைத்தால் வண்டி உட்கார்ந்துவிடும். எடை குறைந்து, கியர்பாக்ஸும் கூடவே சேர்ந்து, செயினால் பின் அச்சைச் சுழற்றக்கூடிய என்ஜின் ஒன்று எதிர்வீட்டில் நின்றது. அது எல்லோருக்கும் தெரியும். மச்சினனின் கைக்கும் தெரிந்திருந்தது. பின் அச்சில் அவன் ஏற்கெனவே செயின் பல்சக்கரத்தைப் பற்றவைத்திருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்து அதைப் பார்த்தார்.

"இது செயின் போடுற சக்கரந்தானே தம்பி?"

"ஆமாக்கா."

"அப்ப பைக் என்ஜின்தான் வைப்பே."

"பாக்கணும்க்கா."

அக்கா சிரித்தார். "எங்க வீட்டுக்காரரு நம்ம வண்டிய முறுக்குனா, ஜெட்டியில கப்பல்காரனே திரும்பிப் பாப்பான். அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை கேட்டுட்டாப் போதும் எனக்கு." பிறகு, தையல் டேப்பை எடுத்து அந்த வெற்றிடத்தின் நீளத்தையும் அகலத்தையும் அளந்தார். "சரி, பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கு மேல் அவரால் எப்படிச் சொல்ல முடியும்? கணவனை இழந்தவளின் பொருள் நல்ல காரியத்துக்கு வருவதைச் சனங்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். நாங்கள் கேட்க வேண்டும் என்று காத்திருந்தார்.

வீட்டுக்குள் என் மாமியார் முடிவாகச் சொன்னார்: "கடல் எடுத்த வண்டி அது. ஆளை முழுங்கின வண்டி. அதை எம் புள்ள முதுகுக்குப் பின்னால வைக்காதீங்க." யாரும் மறுக்கவில்லை. தெருவில் சொல்ல ஒரு காரணம் வேண்டியிருந்தது. நான் பத்திரிகையில் துணையாசிரியன். வந்ததை வெளியிடத் தகுந்ததாக்குவது என் வேலை. "அவர் நினைவாக வைத்திருக்கும் பொருள், அதைக் கேட்பது நாகரிகம் இல்லை" என்றேன். எல்லோருக்கும் அந்த வாக்கியம் பிடித்துப்போயிற்று. மச்சினன்கூட அதையே திருப்பிச் சொன்னான். பயத்துக்கு நான் போட்ட தலைப்பு அது.

கடைசியில் அந்த மூன்று சிலிண்டர் கார் என்ஜினே சென்னையிலிருந்து கப்பலில் வந்தது. பட்டறை வாசலில் சாக்கைப் பிரித்தபோது தெரு கூடியிருந்தது. அக்காவும் வந்து நின்றார். ஆபீஸ் செருப்பு இன்னும் காலில் இருந்தது. என்ஜினின் ஒரு பக்கம் அடிபட்டு நசுங்கியிருந்ததைக் குனிந்து பார்த்தார்.

"என்னாச்சு இதுக்கு?"

"ஆக்சிடென்ட் வண்டிக்கா. உள்ள ஒண்ணும் ஆகல, டெஸ்ட் பண்ணித்தான் அனுப்பிருக்காங்க."

"ஓட்டுனவரு?"

மச்சினன் யோசிக்காமல் சொன்னான். "ஸ்பாட்லயே போயிட்டாராம்க்கா."

அக்கா நிமிர்ந்தார். "அப்ப இதுவும் செத்தவரு என்ஜின்தான். எங்க வீட்டுக்காரரோடதுதான் ஆகாது, இல்ல?"

கோபமாகச் சொல்லவில்லை. ஸ்டோரில் வந்த சாமானைச் சரிபார்க்கும் குரல். படகுக்காரர் கீழே கிடந்த சாக்கை எடுத்து மடிக்கத் தொடங்கினார். அக்கா என் பக்கம் திரும்பினார். என் வாக்கியம் அவர் காதுக்கும் போயிருக்கும். என்னை ஒரு கணம் பார்த்துவிட்டுச் சாலையைக் கடந்து போனார். அன்று மாலை கிக்கர் சத்தம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

மச்சினன் பல்சக்கரத்தை அறுத்தெடுத்து, குழாய்களை வெட்டி நீட்டி, அந்த என்ஜினைப் பொருத்தினான். வண்டி போட்டிக்குப் போனது. பின்பாரம் தாங்காமல் ஒரு வளைவில் சுழன்று புல்லில் நின்றது. அவனுக்கு அடி ஒன்றும் இல்லை. திரும்பி வந்ததும் எங்களிடம் சொல்லாமல் எதிர்வீட்டுக்குப் போய், கேட்க வேண்டியதைக் கேட்டான்.

"இறுகிப்போச்சு தம்பி. நான் மிதிக்கிறத விட்டுட்டேன்ல" என்றாராம். டீயும் கொடுத்தாராம்.

இப்போது அக்கா ஓய்வுபெற்று, உறவுக்காரர்களோடு இருக்க ஹட் பே ஊருக்கே போய்விட்டார். வீட்டுச் சாவியை எங்களிடம்தான் கொடுத்துவிட்டுப் போனார். நம்பித்தான் கொடுத்தார், அதுதான் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. சென்ற வாரம் கொட்டகையில் சேர்ந்திருந்த சருகைக் கூட்டப் போனேன். பைக் அதே இடத்தில், அதே ஸ்டாண்டில் நிற்கிறது. துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டுக் கிக்கர் மேல் காலை வைத்தேன். மிதித்தேன். பிறகு, உடம்பின் முழுக் கனத்தையும் கொடுத்து ஏறி நின்றேன். அது இறங்கவில்லை. எதிரே மச்சினன் வெல்டிங்கை நிறுத்திவிட்டு, முகமூடியை நெற்றிக்கு உயர்த்தி, சத்தம் வருமா என்று கேட்டுக்கொண்டு நின்றான்.