பாப்பா கவுனுக்கு ஆறு பொத்தான்

ஆறு பொத்தான்களும் பித்தளை. மேலே வெள்ளி முலாம். தங்கம் துளியும் இல்லை. தஞ்சாவூர் நகைக்கடைத் தெருவில் அவற்றை உரைகல்லில் தேய்த்துப் பார்த்த ஆசாரி செவ்வாய்க்கிழமை சொன்னது இது. நானும் கடையில் இருந்தேன்.

டெல்டாவிலிருந்து ரஷ்யாவுக்குத் தையல் வேலைக்குப் போனவர்களின் வீடுகளைப் பார்க்கத்தான் இந்தத் தை மாதம் கிளம்பினேன். தஞ்சாவூரில் கும்பகோணம் பேருந்து ஏறினால் பாபநாசம் ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீட்டர். சம்பா அறுவடை நேரம். கதிர் அறுக்கும் இயந்திரங்கள் சாலையை அடைத்துக்கொண்டு போகும், ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து கிராமத்துக்கு ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய்.

ஸ்டெல்லாவின் வீடு மாதா கோயிலுக்குப் பின்னால். சின்ன மகளோடு இருக்கிறார். கணவர் சகாயம் ரஷ்யாவில் நாட்டுப்புற நடனக் குழுக்களுக்கு உடை தைக்கும் பட்டறையில் இருந்தார். மழைக்காலத்திலிருந்து அவரிடமிருந்து போன் இல்லை. ஓர் ஒப்பந்தக்காரர் போர் நடக்கும் எல்லைப் பக்கம் பதுங்குகுழி தோண்ட அழைத்துப்போனதாகவும், அங்கே மருத்துவமனையில் கிடக்கும் உடல் அவருடையது என்றும் சொல்கிறார்கள். ஸ்டெல்லா நம்பவில்லை. காரணம், அதே பட்டறையிலிருந்து ஊர் திரும்பிய ஒரத்தநாட்டு ரவியிடம் சகாயம் கைக்குட்டையில் முடிந்து கொடுத்தனுப்பிய பொத்தான்கள்.

இலந்தைப்பழ அளவு உருண்டைகள். கம்பியால் பூவேலை, தைக்க ஒரு வளையம். குலுக்கினால் உள்ளே ஏதோ உருண்டது. சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் இந்தப் பக்கம் தங்கம் பொத்தானாகவும் பெல்ட் கொக்கியாகவும் முலாம் பூசி வந்ததுண்டு. அதை யாரும் தங்கம் என்று வாய்விட்டுச் சொல்வதில்லை.

"சம்பளத்தத் தங்கமாக்குனவரு ஊருக்குக் கெளம்புறவருங்க. குழி தோண்டவா போவாரு?" என்றார் ஸ்டெல்லா.

மறுநாள் அவரும், சகாயத்தின் தம்பி பிரிட்டோவும், நானும் தஞ்சாவூர் வந்தோம். உரைகல்லைப் பார்த்துவிட்டு ஆசாரி சிரித்தார்.

"பொத்தான்ல கொண்டாந்ததெல்லாம் அந்தக் காலம் தம்பி. இப்ப வயித்துக்குள்ள வச்சுல்ல வர்றானுவ."

"உள்ள இருக்குங்க. சத்தம் கேக்குது பாருங்க," என்றார் பிரிட்டோ.

ஸ்டெல்லா தலையசைத்ததும் ஆசாரி ஒன்றை அறுத்தார். உள்ளேயிருந்து விழுந்தது ஒரு கூழாங்கல்.

பிரிட்டோ அங்கேயே ரவிக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"அண்ணன் என்னடா சொல்லிக் குடுத்தனுப்புனாரு?"

"பாப்பா கவுனுக்குப் பொத்தான்னாருங்க. அந்த ஊருப் பொம்பளைங்க நீளப் பாவாடையில மேலேர்ந்து கீழ வரைக்கும் வரிசையா தைப்பாங்க. உள்ள கல்லு கெடந்து சத்தம் போட்டா கெட்டது அண்டாதாம். நான் ஜாடையா சொல்றாருன்னு நெனச்சேங்க. ஏர்போர்ட்டுல கஸ்டம்ஸத் தாண்டுற வரைக்கும் அந்தக் கைக்குட்டைய வெளியவே எடுக்கலங்க."

"வேற எதாச்சும் சொன்னாரா தம்பி?" என்று ஸ்டெல்லா கேட்டார்.



"வேற எடத்துல சம்பளம் கூடக் கெடைக்குது, ஒரு வருசம் இருந்துட்டு வர்றேன்னாரு அக்கா. அதையும் ஜாடைன்னுதான் நெனச்சேன். சீக்கிரம் வரப்போறாருன்னு."

ஸ்டெல்லா கல்லைத் தேடி எடுத்து ஆசாரியிடம் நீட்டினார். "இத உள்ளயே வச்சு, அறுத்த பொத்தான ஒட்டிப் பத்த வச்சுக் குடுங்க."

இந்த வீடுகளுக்குப் போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முன்கூட்டிப் போன் செய்யாமல் போகாதீர்கள். வாசலில் ஆட்டோ நின்றாலே செய்தி வந்துவிட்டதென்று எழுந்து நிற்கிறார்கள். வெளிநாடு கிளம்புகிறவர்களுக்கும் ஒன்று: சொல்ல வேண்டியதை ஆள் மூலம் சொல்லாதீர்கள், நேரே வீட்டுக்குச் சொல்லுங்கள்.

ஐந்து பொத்தான்களை ஈஸ்டர் கவுனில் தைத்தாகிவிட்டது. ஆறாவது பொத்தான் ஆசாரியிடமிருந்து சனிக்கிழமை கிடைக்கும். உடல் யாருடையது என்று பார்க்க மகளின் கன்னத்துக்குள் பஞ்சால் துடைத்து எடுத்த டி.என்.ஏ. மாதிரி ரஷ்யாவுக்குப் போயிருக்கிறது. முடிவு ஈஸ்டருக்கு முன் வரும் என்று வீட்டாருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.