சோணைமுத்துவின் மூடிய கண்கள்

கருவி முக்கியமில்லை, பார்க்கிற கண்தான் முக்கியம் என்று புகைப்படக்காரர்களைப் பற்றிச் சொல்வார்கள். ராஜபாளையத்தில் ஸ்டுடியோ வைத்திருந்த வைகுண்டராஜை அறிந்தவர்கள் அப்படிச் சொல்லத் தயங்குவார்கள். அவருடைய கண்ணுக்கு வேலை வந்ததே ஒரு லென்ஸ் வந்த பிறகுதான். வம்பு வந்ததும் அதனால்தான்.

எண்பதுகளின் நடுவில், கப்பலில் வேலை பார்த்த மைத்துனர் ஐயாதுரை ஒரு ஜப்பான் கேமராவையும் வாய் அகன்ற லென்ஸ் ஒன்றையும் கொண்டுவந்து கொடுத்தார். அதுவரை பழைய கேமராவில் பிளாஷ் அடித்து, காது முதல் காது வரை எல்லாம் தெரியும்படி எடுத்துக்கொண்டிருந்தவர் வைகுண்டராஜ். புது லென்ஸை முழுக்கத் திறந்துவிட்டால் சன்னல் வெளிச்சமே போதும். ஆனால் முகத்தில் ஓர் இடம்தான் துலக்கமாக நிற்கும், மற்றது கரைந்துபோகும். அந்தக் கரைதலில் அவர் மயங்கிப்போனார். கல்யாண வீடுகளில் அதைச் சோதித்துப் பார்த்தார். பெண் தெளிவாகவும் மாப்பிள்ளை புகைமூட்டமாகவும் வந்த ஆல்பத்தை ஒரு மில் மேஸ்திரி மேசைமேல் எறிந்துவிட்டு, தாலி கட்டியது ஆளா ஆவியா என்று கேட்டுவிட்டுப் போனார். உயிருள்ள முகங்கள் அசைந்தன, கூச்சப்பட்டன, சீக்கிரம் எடு என்றன. அவர் எல்லோர்மேலும் எரிச்சலாக இருந்தார்.

அப்படி இருந்த சமயத்தில்தான் சுந்தரபாண்டியத்திலிருந்து ஆள் வந்தது. சோணைமுத்து என்ற வயக்காட்டுச் சம்சாரி இறந்துவிட்டார். வாழ்நாளில் ஒரு படத்துக்கும் நிற்காத மனிதர். மகன் வீரணன் பட்டாளத்தில் இருந்தான். பிணத்தை எடுப்பதற்குள் வந்து சேர மாட்டான். அவனுக்குக் காட்டவும், கருமாதி அன்று மாலை போட்டு வைக்கவும் ஒரு படம் வேண்டும் என்று மனைவி வெள்ளத்தாய் சொல்லி அனுப்பியிருந்தாள்.

இதற்கு அந்தப் பக்கத்தில் ஒரு முறை உண்டு. பிணத்தை நாற்காலியில் உட்காரவைத்து, நேருக்கு நேர் நின்று, பிளாஷ் அடித்து எடுப்பார்கள். பிறகு பிரிண்டில் மூடிய இமைகளின்மேல் தூரிகையால் கண்களைத் திறந்துவிடுவார்கள். கண் திறந்த படம்தான் சுவரில் ஏறும். கண் மூடிய படத்துக்கு யாரும் விளக்கு வைக்க மாட்டார்கள். அது சாவை வீட்டுக்குள் நிறுத்தி வைப்பது. வைகுண்டராஜ் இப்படி எத்தனையோ படங்கள் எடுத்தவர். ஸ்ரீவில்லிபுத்தூர் வேல்சாமிதான் அவருக்குக் கண் எழுதிக் கொடுப்பார்.

அன்று அவர் பழைய கேமராவை எடுத்துப் போகவில்லை. நாற்காலியை வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பச் சொன்னார். மேளத்தை நிறுத்தச் சொன்னார். பக்கவாட்டில் குத்தவைத்து, கிட்டே போய், ரோல் தீரும்வரை எடுத்தார்.

"மாப்பிள்ளையக் கூட இம்புட்டு நேரம் யாரும் பாக்க மாட்டாவ" என்றார் கூட்டத்தில் ஒருவர். சாவு வீட்டிலும் சிலர் சிரித்தார்கள். வைகுண்டராஜ் காதில் அது விழவில்லை. புது லென்ஸுக்கு முன்னால் முதன்முறையாக ஒரு முகம் அவருக்காக அசையாமல் இருந்தது.

படம் நன்றாக வந்தது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வெளிச்சம் பட்ட இமையில் ஒவ்வொரு மயிரும் தெரிந்தது. அங்கிருந்து முகம் மெல்ல மங்கி, மறு கன்னம் இருட்டோடு கலந்துவிட்டது. ஒரு மனிதன் போய்க்கொண்டிருப்பதை அவ்வளவு சரியாகக் காட்டிய படத்தை அந்த ஊர்ப்பக்கம் யாரும் எடுத்ததில்லை. ஆனால் அதைக் கேட்டு யாரும் ஆள் அனுப்பவும் இல்லை.

வேல்சாமி பிரிண்டைப் பார்த்தார். தூரிகையைத் தொடவே இல்லை. ஒரு கண்ணுக்குத்தான் இமை இருக்கிறது, மற்றது வெறும் புகை, அதன்மேல் கண் எழுதினால் பொம்மைக்கு வைத்ததுபோல் இருக்கும் என்றார். நேரே நின்று ஒன்றாவது எடுத்தாயா என்று கேட்டார். எடுக்கவில்லை. அதற்குள் சோணைமுத்து எரிந்து சாம்பலாகியிருந்தார்.

நேர்ப்படம் எடுக்க வைகுண்டராஜ் மறந்துவிட்டாரா, மறக்க விரும்பினாரா என்பது அவருக்கே தெரிந்திருக்காது. கருமாதிக்கு முந்தின நாள், கண் திறக்காத படத்தையே பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார். இதுதான் உசத்தியான படம் என்று விளக்கவும் தொடங்கினார். ஊர் வந்து சேர்ந்திருந்த வீரணன் அதைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தான்.

"எங்கய்யா மொகத்துல பாதிதான் இருக்கு. மீதிய எங்க வச்சிருக்கீரு?"

லென்ஸ் அப்படி என்றார் இவர். சட்டம் முற்றத்தில் விழுந்து உடைந்தது. அடி விழாமல் பங்காளிகள் நடுவில் புகுந்தார்கள். மகனையே உட்காரவைத்து, மீசையை நரைக்கவைத்து ஒரு படம் எடுத்துவிடலாம் என்று யாரோ யோசனை சொன்னார்கள். வெள்ளத்தாய் எழுந்து வந்தாள்.

"உசுரோட இருக்க பிள்ளைக்கு மாலை போடச் சொல்லுதியளோ?" என்றாள். பிறகு வைகுண்டராஜைப் பார்த்து, "அவிய கண்ணு எப்படி இருக்கும்னு இனி நான் யாருகிட்ட போய்க் காட்டுவேன், அண்ணாச்சி? வெளிய போம்" என்றாள்.

கருமாதி படமில்லாமல் நடந்தது.

வேறு ஒருவராக இருந்தால் நெகட்டிவைக் கொளுத்தியிருப்பார். இவர் அதே படத்தைக் கடை வாசல் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார். கேட்டவர்களிடம், பார்க்கத் தெரியாத ஊர் என்றார். பிள்ளைகளைக் கூட்டிவந்த தாய்மார்கள் அந்த முகத்தைக் கண்டு அடுத்த ஸ்டுடியோவுக்குப் போனார்கள். பிணக்கடை என்று பெயர் விழுந்தது. வேல்சாமி மற்ற கடைகளிலும் கதையைச் சொல்லிச் சிரித்தார். தொண்ணூறுகள் பிறந்தபோது ஸ்டுடியோ இல்லை. லென்ஸ் மட்டும் பீரோவில் பூஞ்சை பிடித்துக் கிடந்தது.

வாக்காளர் அட்டைக்குப் படம் எடுக்கும் முகாம்கள் வந்தபோது, அவர் ஒரு ஒப்பந்தக்காரரிடம் கூலிக்குச் சேர்ந்தார். அவர்கள் கொடுத்த கேமராவில் திருப்ப ஒன்றும் இல்லை. பட்டனை அழுத்தினால் எல்லாம் தெளிவாக விழும். சுந்தரபாண்டியம் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்ட அன்று, வரிசையில் வெள்ளத்தாய் வந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தாள். அவரைப் பார்த்தாள். கண்களை மூடிக்கொண்டாள்.

கண்ணைத் திறங்க ஆச்சி என்றார் அவர். அவள் திறக்கவில்லை. பின்னால் வரிசை முணுமுணுத்தது. அதிகாரி வந்து அதட்டினார். அவரிடம் பேசும்போது அவள் கண்கள் திறந்திருந்தன. வைகுண்டராஜ் கேமராவைத் தூக்கியதும் மூடின.

"எடும் அண்ணாச்சி" என்றாள். "ஒமக்குத்தான் மூடுன கண்ணு புடிக்குமே."

அவர் கேமராவை இறக்கினார். அதிகாரிக்குப் பொறுமை போய்விட்டது. எப்படியோ எடுத்து ஆளை அனுப்புங்கள் என்று கத்தினார். வைகுண்டராஜ் அழுத்தினார்.

அட்டையும் அப்படியே வந்தது. நேர் முகம், பிளாஷ் வெளிச்சம், இரண்டு இமைகளும் ஒன்றுபோலத் துல்லியம். வேல்சாமி பார்த்திருந்தால், கண் எழுத இதைவிட வாகான படம் கிடைக்காது என்றிருப்பார்.